டாக்டர் பிரான்சுக்குப் போன பிறகு

எங்கள் குடும்ப டாக்டர் இறந்துபோகவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இறந்திருந்தால் கொஞ்ச நாள் துக்கப்பட்டுவிட்டு வேறு டாக்டரைத் தேடியிருப்போம். அவரோ வாட்ஸ்அப்பில் இருந்தார். போன மழைக்காலத்தில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்ததற்குப் பாதிக் காரணம் அது. மீதிக் காரணம் என் இடுப்பில் இருந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன். உடம்பை விசாரிக்க முதலியார்பேட்டை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டரின் கிளினிக் எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில், அவர் வீட்டு முன்னறையில் இருந்தது. டோக்கன் கிடையாது. உள்ளே நுழைகிறவர் "யாரு கடைசி?" என்று கேட்பார். பெஞ்சில் ஒரு கை உயரும். அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் அவரை "தொக்தேர்" என்று அழைத்துத் தங்கள் வலிகளை பிரெஞ்சில் சொல்வார்கள். அவர் தமிழில் பதில் சொல்வார். இரண்டு தரப்பும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை.

என்னைப் பார்த்ததும் ஒரே கேள்விதான். "இன்னா பேப்பர்காரம்மா, நாளைக்கு இன்னா சேதி?"

"நாளைக்குப் பேப்பர்ல பாருங்க டாக்டர்."

"அப்ப உன் பிரஷரையும் நாளைக்கே சொல்றேன், போ."

மஞ்சள் காமாலை என்று சந்தேகம் வந்தால் டியூப்லைட்டை அவர் நம்ப மாட்டார். நோயாளியைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போய், நடு முற்றத்து வெயிலில் நிற்க வைத்துக் கண் இமையைக் கீழே இழுப்பார். அங்கே அவர் மனைவி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருப்பார். நிமிர்ந்து பார்த்து அவரும் ஒரு கருத்து சொல்வார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. இவ நேரத்துக்குச் சாப்புடறதில்ல, அதான்."

"நான் டாக்டரா, நீ டாக்டரா?"

"நான் டாக்டருக்குச் சோறு போடறவ."

அந்த அம்மாள் காலமான பிறகுதான் அவருக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி நாளில் பெஞ்சில் இடமில்லாமல் வாசல் வரை நின்றோம். பலருக்கு எந்த நோயும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: "வேற ஒருத்தரப் பாத்து வெச்சுக்குங்க. நல்லா இருக்கறப்பவே பாத்துக்குங்க. படுத்த பிறகு தேடினா கையில கெடச்சவங்கதான் டாக்டர்." எல்லாரும் தலையாட்டினோம். எனக்குத் தெரிந்து யாரும் தேடவில்லை. பிரஷர் மாத்திரையை மருந்துக் கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்தே கொடுத்தார். சீட்டு கிழிந்த பிறகு சீட்டு இல்லாமலே கொடுத்தார்.

மூலக்குளத்தில் இருக்கும் என் நாத்தனார் மல்லிகா மட்டும் விடவில்லை.

"எங்க தெரு முனையில ஒரு டாக்டரம்மா கிளினிக் போட்டிருக்காங்க அண்ணி. நல்லா பாக்கறாங்க. துணிக்கடை பாய் இருந்தாரே, அவரு பொண்ணு."

"அதுக்கு இன்னா வயசு இருக்கும்?"

"வயசு கேட்டு இன்னா பண்ணப் போறீங்க? மாப்பிள்ளை பாத்துக் குடுக்கப் போறீங்களா?"

அந்தக் கிளினிக் பழைய துணிக்கடையிலேயே நடக்கிறது என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். "ஜாக்கெட் பிட்டு வாங்கின கடைல ஊசி போட்டுக்கச் சொல்றியா?" என்று கேட்டுப் பேச்சை முடித்தேன். உண்மையில் வயதோ கடையோ காரணம் இல்லை. இன்னொரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து என் உடம்பின் கதையை முதலிலிருந்து சொல்வது, பழைய டாக்டருக்குச் செய்யும் துரோகம் போல இருந்தது. என் அம்மாவின் ஆஸ்துமா, என் கருச்சிதைவு, என் கணவர் குடித்துக்கொண்டிருந்த வருடங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அதையெல்லாம் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. இடுப்புயரம் புதர் மண்டிக்கிடந்தது. பாம்பு வரும் என்று பயந்து நாங்கள் இருவரும் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் முடிந்தவரை வெட்டினோம். அசந்துபோய், வெட்டிப்போட்ட புல் மேலேயே உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டோம். நல்ல நாள் அது. அத்தனை சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் கழித்துக் காய்ச்சல் வந்தது. கூடவே தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துவது போன்ற வலி. பிரான்சில் விடிந்திருக்குமா என்று பார்த்து டாக்டரை வீடியோவில் கூப்பிட்டோம். தாடையும் பின்னால் கூரையும் மட்டும் தெரிந்தன.

"நாக்க நீட்டு."

நீட்டினேன்.

"கண்ணக் காட்டு. வெளிச்சத்துக்கு வா."

என் கணவர் போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் மொட்டை மாடிக்கு ஏறினேன். வெயிலில் நின்றேன்.

"இப்ப தெரியுதா டாக்டர்?" என்றார் என் கணவர்.

"உன் கட்டை விரல்தான்யா தெரியுது."

பாராசிட்டமால் சொன்னார், ரத்தச் சோதனை சொன்னார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று முடிவு வந்தது. காய்ச்சல் மட்டும் போகவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அவர் குரல் மாறியிருந்தது.

"இனிமே நான் இங்கேந்து எது சொன்னாலும் தப்பு. வயித்த அமுக்கிப் பாக்கணும். நெஞ்சுல வெச்சுக் கேக்கணும். யாராவது ஒரு டாக்டர்கிட்ட போம்மா."

"யாருகிட்ட டாக்டர்?"

பெயர் பெயராக முணுமுணுத்துப் பார்த்தார். எதிலும் நிற்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சவங்கள்லாம் என் செட்டு. பாதிப் பேரு இல்ல" என்றார்.

மல்லிகாவின் டாக்டரம்மா அப்போதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெரிய காய்ச்சல் என்றால் பெரிய ஆஸ்பத்திரி என்று என் கணவர் கார் பிடித்தார். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி, "எந்த டாக்டரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"காய்ச்சலுக்குப் பாக்கறவரு" என்றார் என் கணவர்.

"ஜெனரல் மெடிசின்ல இன்னிக்கு புக்கிங் முடிஞ்சிடுச்சு சார். வேற தொந்தரவு இன்னா இருக்கு?"

"தலைவலி தாங்க முடியலன்றாங்க."

"அப்ப நியூரோ பாக்கறீங்களா?"

குடும்ப டாக்டர் என்ற ஆள் எதற்கு என்பது எனக்கு அந்த மேசை முன்னால்தான் புரிந்தது. எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்வதுதான் அவர் வேலையில் பெரும்பகுதி. அவர் இல்லாவிட்டால், என்ன நோய் என்பதை நோயாளியே தீர்மானித்துக்கொண்டு வரவேண்டும். நாங்கள் தலை என்று தீர்மானித்தோம். எனவே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். குறுகலான குழாய்க்குள் படுத்திருந்தபோது தலைமாட்டில் யாரோ தகரத்தில் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்டது. தலையில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது.

"இதைத்தான் நான் கல்யாணமான புதுசுலேந்து சொல்றேன்" என்றார் என் கணவர். நானும் சிரித்தேன். அவர் அந்த அறிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

ரத்தத்தில்தான் கோளாறு தெரிந்தது. ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் பொருட்கள் கூடியிருந்தன. அறையில் சேர்த்துவிட்டார்கள். தலைக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், பிறகு இருமல் தொடங்கியதால் நெஞ்சுக்கு ஒருவர் என்று வந்து பார்த்தார்கள். எல்லாரும் மரியாதையானவர்கள், கெட்டிக்காரர்கள். ஒவ்வொருவரும் தன் பங்குக்குரிய உறுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "உடம்புல புண்ணு, தடிப்பு ஏதாவது இருக்கா?" என்று அவர்களில் ஒருவர் கேட்கவும் செய்தார். இல்லை என்றேன்.

மல்லிகா வந்து என்னோடு தங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி இட்லியை முகர்ந்து பார்த்து, "இத நோயாளிக்குக் குடுக்கலாம், நமக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தாள். வெந்நீரில் துண்டு நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டபோது அவள் கை என் இடுப்பின் பின்பக்கம் நின்றது.

"அண்ணி, இங்க இன்னா கருப்பா இருக்குது?"

"நாடாப் புண்ணு. விடு."

புடவை கட்டுகிற பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாவாடை நாடாவைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துவிடும். வேர்வையில் சில சமயம் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வோம். அதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. டாக்டர் புண் இருக்கிறதா என்று கேட்டால் எங்களுக்கு அது ஞாபகத்துக்கே வராது. மல்லிகாவும் எண்ணெய் தடவிப் பாவாடையை ஏற்றி விட்டாள்.

டைபாய்டுக்கான ஒரு சோதனையில் லேசாக ஆமாம் என்று வந்தது. பழைய காய்ச்சலின் சுவடு இருந்தாலும் ஆமாம் சொல்லிவிடுகிற சோதனை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்கான ஊசிகள் போட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லை என் கணவர் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "உன் ரிசல்ட்டு மாதிரிதான், படிச்சா புரியாது" என்றார்.

காரில் ஏறியதும் மறுபடி குளிர் எடுத்தது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதவில்லை. மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். டிரைவரிடம், "முதலியார்பேட்டை வேணாம்ணா. மூலக்குளம் விடுங்க" என்றாள்.

"இவ வேற" என்று என் கணவர் தொடங்கினார்.

"நீ சும்மா இருண்ணா. உங்க டாக்டரு மேல இருக்கற பாசத்துல எங்க அண்ணியக் கொன்னுடாதே."

துணிக்கடையின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் சிமெண்டில் அதன் தடம் இன்னும் தெரிந்தது. புடவை அடுக்கும் மர ராக்குகளில் இப்போது மருந்துப் பெட்டிகள். டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் அதன் மேல் மாட்டிய ஸ்டெதஸ்கோப். நாங்கள் கொண்டுபோன ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல உங்களப் பாக்கறேன்மா" என்றார்.

உள்ளே ஒரு திரை. உடுத்திப் பார்க்கிற அறையாக இருந்த இடம்தான் இப்போது பரிசோதனை அறை. ஆளுயரக் கண்ணாடி அப்படியே இருந்தது. காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள் எல்லாம் பார்த்தார்.

"பாவாடை நாடாவைத் தளத்துங்கம்மா."

"வயித்துல ஒண்ணும் இல்ல டாக்டர்."

"தெரியும். தளத்துங்க."

நான் மல்லிகாவைப் பார்த்தேன். "எவ்வளவு நேரம் மூஞ்சியப் பாப்பீங்க? நான் அவுக்கட்டா?" என்றாள் அவள். தளர்த்தினேன். டாக்டர் என்னைச் சுற்றி வந்து பின்னால் குனிந்தார்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"அது நாடாப் புண்ணு டாக்டர்."

"வலிக்குதா?"

"இல்ல."

"அரிக்குதா?"

"இல்ல."

"நாடாப் புண்ணா இருந்தா வலிக்குமேம்மா. திரும்பி நீங்களே பாருங்க."

கண்ணாடியில் முதன்முறையாக அதைப் பார்த்தேன். சிகரெட் நெருப்பால் சுட்டது போலச் சின்ன வட்டமாகக் கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு விளிம்பு. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று கடித்த இடம் அது என்றார். ஆடை இறுகும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளுமாம். அது கொடுக்கும் கிருமியால் வருவதுதான் ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். பெயரில் டைபாய்டு மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எனக்குப் போட்ட ஊசிகள் இதைத் தொடக்கூட இல்லை. இதற்கு வேறு மாத்திரை, அதுவும் பழைய, மலிவான மாத்திரை. தாமதமானால் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். எனக்கு நுரையீரலுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சுகாதாரத் துறையின் எச்சரிக்கைச் செய்தி எங்கள் மேசைக்கு வரும். இடம் இருந்தால் பக்க ஓரத்தில் சின்னதாகப் போடுவோம். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியை வெட்டுவேன். கருப்புப் பொருக்கைப் பற்றிய வரி வழக்கமாகக் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்து, தனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனில் பேசி, நேரே இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் டாக்டர். அங்கே மூக்கில் ஆக்சிஜன் குழாய். விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்பதை அது சொல்லும். அந்த எண்ணைப் பார்க்கக் கூடாது என்று என் தலையை மல்லிகா மறுபக்கம் திருப்பி வைத்தாள். "நீங்க பாத்தா அது எறங்குது. நான் பாத்துக்கறேன்" என்றாள். பயமாக இருந்தது. கண்ணை மூடினால் பழைய கிளினிக்கின் பெஞ்சு வந்தது. அதில் நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் வந்து கேட்க யாரும் இல்லை.

இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. புடவை, தலையணை எல்லாம் நனைந்தன. காய்ச்சல் விட்டிருந்தது. என் கணவர் வாசலிலேயே நின்று, "பசிக்குதா?" என்று கேட்டார். பசித்தது. அவர் ஓடிப்போய், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து, அவருக்குப் பிடித்த மசால் தோசையை வாங்கிவந்தார். நோயாளிக்கு அது கூடாது என்று நர்ஸ் திட்டியதால், வேறு வழியில்லாமல் அதை அவரே சாப்பிட வேண்டியதாயிற்று.

மூச்சு சீராகும் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். தெம்பு வந்ததும் மூலக்குளத்துக்குப் போனேன், இந்த முறை நோய் இல்லாமல். டாக்டர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்கம்மா, இதுக்கு முன்னாடி உங்களுக்கு, வீட்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் என்னென்ன இருந்திருக்கு?" என்றார். அம்மாவின் ஆஸ்துமாவில் ஆரம்பித்தேன். நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. கருச்சிதைவைப் பற்றிச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒருநாள் பிற்பகல் பிரான்சுக்குப் போன் போட்டேன்.

"டாக்டர், நான் வேற டாக்டரப் பாத்துக்கிட்டேன்."

வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க இருந்துச்சு அந்தப் புண்ணு?" என்றார். மல்லிகா ஏற்கெனவே அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

"இடுப்புல, பின்னாடி. நாடா கட்டற எடத்துல."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் அங்கயே இருந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்மா. இத்தன வருஷத்துல ஒரு பொம்பளையக்கூட நாடாவ அவுருன்னு நான் சொன்னதில்ல. கூச்சப்படுவீங்கன்னு. எனக்கும் கூச்சந்தான். அந்தப் பொண்ண விட்டுடாதே."

அவரே தொடர்ந்தார். அங்கே ஆளாளுக்கு ஒரு டாக்டரைப் பெயர் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். மகள் குடியிருக்கும் ஊரில் யாரும் புது நோயாளியை எடுப்பதில்லையாம். போன் போட்டால், இடமில்லை, மன்னிக்கவும் என்கிறார்களாம். போகும்போது பையில் எடுத்துப்போன மாத்திரைகளைப் பாதிப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு வருகிறாராம்.

"எதுக்கு உடைச்சுப் போட்டுக்கறீங்க? பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு வேலை ஜாஸ்தி."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன பண்ணுது டாக்டர்?"

முதலில் சிரித்தார். ஒன்றும் இல்லை என்றார். பிறகு, மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.